கலந்திருக்கக்கூடும் என எண்ண இடமுண்டு

ஜொகூரில், பாலோ ரயில் நிலையத்திலிருந்து ஏழு கட்டை, அதாவது ஏழு மைல், தள்ளி இருந்ததால் அதற்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். லண்டனில் அந்த ரப்பர் தோட்டத்துக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் மானேஜர் பிரின்ட்லி துரை. இன்னொருவர் ஆபீஸ் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா, சபாபதி. அதிலும் துரையின் உச்சரிப்பு கொஞ்சம் கொச்சை என்பது சபாபதியின் அபிப்பிராயம்.

சபாபதி நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் படித்தவர். தோட்டத்தின் நானூறு பேருக்கும் அவருடைய இங்கிலீஷ் பொதுச்சொத்து. பக்கத்துத் தோட்டத்தான் எவனாவது தன் கிராணியைப் பற்றிப் பீற்றிக்கொண்டால், "போப்பா, எங்க கிராணியாரு எழுதுனா எங்க துரைக்கே அகராதி வேணும்" என்று கள்ளுக்கடையில் பதில் தயாராக இருக்கும். அவர் என்ன எழுதுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. பெருமைக்கு அது ஒரு தடையா?

உண்மையில் சபாபதி எழுதியதில் பெரும்பகுதி எதையும் சொல்லாமலிருப்பதற்காக எழுதப்பட்டது. அதற்கு ஒரு மாடு காரணம். வேலைக்கு வந்த முதல் வருஷம், வண்டிமாடு ஒன்று செத்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொல்ல, இவர் "மாடு செத்துவிட்டது" என்று பளிச்சென்று எழுதி பங்களாவுக்கு அனுப்பினார். அப்போதிருந்த துரை குதிரையேறி வந்து பார்த்தபோது அந்த மாடு எழுந்து நின்று லாலான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வாங்கிய வசவு சபாபதியின் இலக்கண அறிவையே மாற்றியமைத்தது. அன்று முதல் அவர் எதையும் 'இருக்கிறது' என்று எழுதியதில்லை. 'இட் வுட் அப்பியர்' என்று தொடங்குவார். அதாவது, அப்படித் தோன்றக்கூடும். 'பாஸிப்ளி ஓவிங் டு' என்று நகர்வார். ஒருவேளை இன்ன காரணத்தால். 'தேர் இஸ் ரீசன் டு சப்போஸ்' என்று முடிப்பார். அவ்வாறு எண்ண இடமுண்டு. சிங்கப்பூர் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து வரும் கடிதங்களில் இப்படி ஒரு புதுச் சொற்றொடர் கண்ணில் பட்டால், மீன்காரன் வலையில் கொடுவா விழுந்த மாதிரி முகம் மலர்ந்து ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வார். பதினோரு வருஷத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மாடும் அவரை ஏமாற்றியதில்லை.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தலைப்பிரசவத்தில் மகள் பிறந்தபோது மாமனாருக்கு அவர் கொடுத்த தந்தி: "பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தெரிகிறது." நாகப்பட்டினத்தில் மாமியார் மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதாளாம். "தெரிகிறதுன்னா என்னடி அர்த்தம்?"

இப்படிப்பட்டவரிடம்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில், ரப்பர் விலை மரத்தைவிட உயரமாக ஏறிக்கொண்டிருந்த மாதத்தில், பதினாலாம் நிரை விவகாரம் வந்து சேர்ந்தது.

பதினாலாம் நிரை என்பது சதுப்பு ஓரமாக இருந்த முந்நூறு மரங்கள். அங்கே பால் வெட்டியவள் அங்கம்மா. முப்பது வயது, ஒன்பது வருஷ வேலை. தினமும் நண்பகலில் எல்லோரும் பால்வாளியைக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே ஒரு கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது என்பதால், கெட்டிப் பாலென்றால் மிதவை அமிழும். நீர்த்த பாலென்றால் மேலே எழும்பி நிற்கும். மூன்று என்ற கோட்டுக்குக் குறையக் கூடாது. அங்கம்மாவின் பால் தொடர்ந்து நாலு நாள் இரண்டரையில் நின்றது.

"தண்ணி பட்ட மாதிரி தெரியுதுங்க" என்றார் சின்னத்தம்பி கங்காணி. கங்காணி பார்த்துச் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும், அதனால் சொன்னார்.

துரை விளக்கம் கேட்டார். சபாபதி அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து ஒரு வாக்கியம் செய்தார். அவருடைய வாழ்க்கையிலேயே நீளமான வாக்கியம் அது. அதில் 'இட் வுட் அப்பியர்' இருந்தது, 'நாட் இம்ப்ராபப்ளி' இருந்தது, பால் நீர்த்துப்போனது 'பாஸிப்ளி ஓவிங் டு' வெட்டுபவளின் கை என்று இருந்தது, தண்ணீர் கலக்கப்பட்டிருக்கக்கூடும் என 'தேர் இஸ் ரீசன் டு சப்போஸ்' என்று முடிந்தது. மூன்று அரைப்புள்ளிகள். டைப் அடித்து முடித்ததும் எழுந்து நின்று, ஆளில்லாத ஆபீஸில் உரக்கப் படித்துப் பார்த்தார். தேர் அசைந்து வருவதுபோல இருந்தது.

துரை படித்தார். "எக்ஸலண்ட், சபாபதி" என்றார். சபாபதிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லோரும் வரிசையாக நிற்க, துரையின் உத்தரவைக் கங்காணி தமிழில் கூவினார். "பால்ல தண்ணி கலந்ததுக்காக அங்கம்மாவுக்கு நேத்திக்கு அரைப் பேரு, பாதிக் கூலிதான். அங்கம்மாவும் புருஷன் வீரமுத்துவும் திங்கக்கிழமை தோட்டத்த விட்டுப் போயிரணும். சீட்டுல காரணம் எழுதித் தருவாங்க."

காரணம் எழுதிய சீட்டைப் பார்த்தால் ஜொகூரில் எந்தத் தோட்டமும் வேலை தராது. அது பெரட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழவர் மட்டும் தலையைச் சொறிந்தபடி, "நம்ம கிராணியாரு எழுதுனதாம்" என்றார். அப்போதும் அதில் பெருமை இருந்தது, பழக்கதோஷம்.

செய்தி ஆபீஸுக்கு வந்ததும் சபாபதி திடுக்கிட்டுப் போனார். தான் எழுதியது 'எண்ண இடமுண்டு'. துரை அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தே விட்டார். மழைக்குக் குடை விரித்தது இவர். குடையிலிருந்து வழிந்த தண்ணீர் பக்கத்தில் நின்றவள் தலையில் கொட்டியது.

மத்தியானம் அங்கம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பால் கறை பிடித்த சாக்கு, கையில் வெட்டுக்கத்தி. அவள் அழுதிருந்தால் சபாபதிக்கு வசதியாக இருந்திருக்கும். அழவில்லை.

"கிராணியாரே, என்னப் பத்தி என்னா எழுதுனீங்க?"

"அது ஆபீஸ் கடுதாசி. வெளிய சொல்றதில்ல."

"நானூறு பேருக்கு முன்னால கூவிட்டாங்க. இன்னும் வெளியன்னு எது மிச்சம் இருக்கு?"

சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத பாரு, நீ கலந்தேன்னு நான் எழுதவே இல்ல. கலக்கப்பட்டிருக்கக்கூடும் என எண்ண இடமுண்டு. அவ்வளவுதான். ரொம்ப நாசூக்கா எழுதியிருக்கேன்."

"நான் தண்ணி ஊத்துனத நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"கங்காணி பாத்தாரா?"

"மாதிரி தெரியுதுன்னார்."

"தொரை?"

"அவர் என் கடுதாசியைப் பாத்தார்."

"அப்ப ஒருத்தரும் பாக்கல" என்றாள் அங்கம்மா. "அத எழுத வேண்டியதுதானே?"

"இங்கிலீஷ்ல அப்படி மொட்டையா எழுதக்கூடாது, அங்கம்மா."

"ஏன், வெள்ளைக்காரனுக்குக் கண்ணு கெடையாதா?"

சபாபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இதற்கு நீல நோட்டில் ஒரு சொற்றொடரும் இல்லை.

"ஒம்பது வருசம்" என்றாள். "ஒரு மரத்துல எலும்பு தெரிய வெட்டுனதில்ல. எம் பட்டைச் சீவலைப் பொறுக்கிப் பாருங்க, வெத்தலை கனம்தான் இருக்கும். இந்த மரங்களைத் தெனமும் வெட்டச் சொல்லி தொரை உத்தரவு போட்டு ஒரு மாசம் ஆச்சு. முந்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள். சதுப்பு மரம். ஓய்வு இல்லாம கறந்தா மாடு கூடத் தண்ணியாத்தான் கறக்கும். நான் சொன்னா யாரு கேக்குறா? நாளைக்கு விடிய வந்து நின்னு பாருங்க. பாத்துட்டு என்ன வேணா எழுதுங்க. திங்கக்கிழமை போறதுன்னா போறேன். தண்ணிக்காரின்னு போகமாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். உத்தரவு கேட்கவில்லை, கும்பிடவுமில்லை.

வீட்டில் ராஜம்மா சோறு போட்டபடி கேட்டாள். "என்ன, சாப்பாடு இறங்கல போலிருக்கே?"

"தலைவலி மாதிரி இருக்கு."

"மாதிரியா? வலிக்குதா, வலிக்கலியா?"

சபாபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ராஜம்மா விடவில்லை. "லயத்து வீடுகள்ல பூரா இதே பேச்சு. அங்கம்மா அந்த மாதிரி ஆளான்னு நீங்க யாரையாச்சும் கேட்டீங்களா? உங்க இங்கிலீஷ்ல ஒருத்தரு வேலைய எடுக்கலாம், கொடுக்க முடியாதா?"

"காலைல அஞ்சு மணிக்கு எழுப்பு" என்றார் சபாபதி.

"எழுப்பலாம் என எண்ண இடமுண்டு" என்றாள் ராஜம்மா.

பதினோரு வருஷ உத்தியோகத்தில் பெரிய கிராணி மரங்களுக்குள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அவர் அதை ஒரு ராஜ விஜயமாகவே ஏற்பாடு செய்திருந்தார். கோட்டு, தொப்பி, பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் குடை, கக்கத்தில் கொட்டகையிலிருந்து எடுத்த கண்ணாடி மிதவையும் குழலும். சதுப்புக்கு இந்த மரியாதைகள் புரியவில்லை. இருபதாவது அடியில் இடது சப்பாத்தை அது வாங்கிக்கொண்டது. நாற்பதாவது அடியில் அட்டைகள் கால்சட்டைக்குள் ஏறின. பதினாலாம் நிரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரிய கிராணி ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சேறுமாக இருந்தார்.

"அலமாக்!" என்று எங்கிருந்தோ ஒரு பால்வெட்டுக்காரியின் குரல். தொடர்ந்து நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அங்கம்மா சிரிக்கவில்லை. தலைவிளக்கைச் சரிசெய்து, முதல் மரத்தருகே நின்றாள். கத்தி பட்டையில் ஓடியது. சீவல் ஒரே சுருளாக விழுந்தது. சபாபதி அதை எடுத்து விரலில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது. வெற்றிலைகூடக் கொஞ்சம் தடிப்புதான்.

"மங்க நீங்களே தொடைங்க" என்றாள்.

பால் பிடிக்கிற அந்தச் சின்ன மண்கிண்ணத்தைச் சபாபதி தன் கைக்குட்டையால் துடைத்தார். கவிழ்த்துத் தட்டினார். ஒரு சொட்டு இல்லை. தானே மரத்தடியில் வைத்தார். பிறகு, அவள் வெட்ட வெட்ட, அடுத்த இருபது மரங்களின் மங்குகளையும் அப்படியே துடைத்து வைத்துவிட்டு, ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, அட்டையைப் பிடுங்கிப் போட்டபடி காத்திருந்தார். கண்ணை எடுக்கவில்லை. பால் நிறைந்ததும் அவரே ஊற்றி, அவரே மிதவையை விட்டார். இரண்டரை. மரத்திலிருந்து நேராக வந்த பால், ஒரு கை படாத பால், இரண்டரை.

இங்கே சபாபதிக்குள்ளிருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். மண்ணின் குணமாக இருக்கலாம், மழையாக இருக்கலாம், மரத்தின் ஜாதியாக இருக்கலாம். மூன்றும் அழகான வாக்கியங்கள்.

"அதோ, அந்தக் கோடி மரங்களைப் பாருங்க" என்றாள் அங்கம்மா. "எட்டு மரம். குளவிக்கூடு இருந்துச்சு. மூணு வாரமா யாரும் கிட்டப் போகல. நேத்து சாயங்காலம்தான் வீரமுத்து கூட்டைக் கொளுத்துனாரு. அதே சதுப்பு. அதே ஜாதி. நான்தான் வெட்டப் போறேன்."

வெட்டினாள். சபாபதி துடைத்தார், வைத்தார், காத்திருந்தார். அனாதையாகத் திரிந்த ஒரு குளவி அவர் காதோரம் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போனது. அவர் அசையவில்லை. பால் நிறைந்தது. மிதவை அமிழ்ந்தது. மூணேகால்.

சபாபதி இன்னொரு முறை பார்த்தார். மூணேகால்தான். வீங்கிக்கொண்டிருந்த காதைத் தொட்டபடி அவர் அங்கம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுத்த மரத்துக்குப் போயிருந்தாள். அவளுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆபீஸில் அவர் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே 'இட் வுட்' வரை அடித்துவிட்டன. தாளை உருவிப் போட்டார். இரண்டாவது தாளில் 'பாஸிப்ளி' வந்தது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. நாலாவது தாளில், பள்ளிக்கூடப் பையன் எழுதுகிற இங்கிலீஷில், அஞ்சே வரி:

அங்கம்மா தண்ணீர் கலக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். தினமும் வெட்டுகிற மரங்களின் பால் இரண்டரை. மூன்று வாரம் ஓய்வெடுத்த மரங்களின் பால் மூணேகால். தினமும் வெட்டச் சொன்னது தங்கள் உத்தரவு.

படித்துப் பார்த்தார். கோவணம் கட்டின மாதிரி இருந்தது. ஆனாலும் அதில் ஒரு வரியைக்கூட அவரால் மாற்ற முடியவில்லை. கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டுத் தாளை உருவினார்.

பிரின்ட்லி துரை அதை இரண்டு முறை படித்தார். பிறகு சபாபதியின் சேற்றுக்காலையும் காதையும் பார்த்தார். இங்கிலீஷில்தான் பேசினார்.

"இதென்ன, சபாபதி? நீ எழுதியதா?"

"ஆமாம், சார்."

"நேற்று முன்தினம் வேறு மாதிரி எழுதினாயே."

"அன்று நான் பார்க்கவில்லை, சார்."

துரை நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் கடைசி வரி. இதைக் கொஞ்சம் பார்த்து எழுதலாம். அப்படியிருக்கக்கூடும் என்கிற மாதிரி. நீ கெட்டிக்காரனாயிற்றே."

பதினோரு வருஷமாகச் சபாபதி காத்திருந்த பாராட்டு அது. வாசலில் வந்து நின்றது. உள்ளே விட அவருக்கு மனம் வரவில்லை.

"மிதவையில் அப்படி ஒரு கோடு இல்லை, சார்" என்றார்.

துரையின் கழுத்து சிவந்தது. "உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? நாளைக்கு நானே போய் அளப்பேன். நீ சொன்னது தவறாயிருந்தால் திங்கட்கிழமை மூன்று பேர் போவீர்கள்."

"அளந்து பாருங்கள், சார். நிச்சயமாகத் தெரியும்."

அந்த வார்த்தையைச் சொன்னதும் சபாபதிக்கு நெஞ்சு விரிந்தது. முன்பு தன் வாக்கியங்களை உரக்கப் படித்தபோது விரிந்ததைவிட இது பெரிதாக இருந்தது. அரைப்புள்ளி ஒன்றுகூட இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை துரை பூட்சு போட்டுக்கொண்டு போனார். அளந்தார். அதே கணக்குதான் வந்தது. பங்களாவுக்குச் சபாபதியைக் கூப்பிட்டு, சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல டைப் அடிக்கவைத்தார். 'என் சொந்த அவதானிப்பிலிருந்து, சதுப்பு ஓர மரங்களின் பால் சற்றே நீர்த்திருப்பதாகத் தோன்றக்கூடும். இது ஒருவேளை பருவத்தின் காரணமாக இருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது உசிதம் என எண்ண இடமுண்டு.' சபாபதி ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்தார். தன் சரக்கைத் தானே விலைக்கு வாங்குகிறவனின் முகம் அவருக்கு. அவர் செய்ததைவிட இது மட்டமான வேலைப்பாடு என்பதையும் கவனித்துக்கொண்டார்.

"அந்தப் பெண் இருக்கலாம்" என்றார் துரை. "நோட்டீஸைக் கிழித்துவிடு."

"பெரட்டில் சொல்லவேண்டும், சார். பெரட்டில்தானே அவள் பெயரைச் சொன்னது."

துரை கையை வீசினார். அதற்கு எப்படியும் அர்த்தம் கொள்ள இடமிருந்தது. சபாபதி சரி என்றே கொண்டார்.

திங்கட்கிழமை விடிகிறதற்கு முன் பெரட்டுக்களத்தில் நானூறு பேரும் நின்றார்கள். அங்கம்மாவும் வீரமுத்துவும் கடைசி வரிசையில். இரண்டு மூட்டை, ஒரு தகரப்பெட்டி, ஒரு கோழி. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கங்காணி பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும் பெரிய கிராணி முன்னால் வந்தார். பெரட்டுக்கு அவர் வந்ததே அதிசயம். ஏதோ இங்கிலீஷ் வரப்போகிறது என்று கூட்டம் நிமிர்ந்து நின்றது.

"அங்கம்மா பால்ல தண்ணி கலக்கல" என்றார், உரக்க, தமிழில். "மரத்தைத் தெனமும் வெட்டுனதால வந்தது. அவ மேல தப்பு இல்ல. இன்னியிலேர்ந்து அவங்க பேரு பழையபடி."

சின்னத்தம்பி கங்காணி தொண்டையைச் செருமினார். "அப்படித் தெரியுதுங்களா, அய்யா?"

"தெரியுதுன்னு இல்ல, கங்காணி. அப்படித்தான். நான் போய் நின்னு பாத்தேன். எழுதுனது நான், தப்பா எழுதுனதும் நான்."

இவ்வளவு மொட்டையாக அவர் பேசிக் கேட்டதில்லை. கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவனிடம், "இதுவும் இங்கிலீஷ்தானோ?" என்று கேட்டார். யாரோ சிரிக்க, அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு ஓடியது. வீரமுத்து மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

சபாபதி கூட்டத்தின் கடைசிவரை நடந்துபோனார். அங்கம்மா நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அதை எப்படிப் பெருந்தன்மையாக மறுப்பது என்றுகூட வழியில் யோசித்து வைத்திருந்தார்.

அங்கம்மா கோழியைப் புருஷன் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"இதத்தான் நான் வெள்ளிக்கெழமையே சொன்னேன்" என்றாள்.

வாளிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்து நடந்தாள். தலை நிமிர்ந்திருந்தது, வழியில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். சபாபதியும் ஒதுங்கினார். பிறகு, தான் கேட்டதிலேயே நேரான வாக்கியம் அது என்று தோன்ற, காது வீக்கத்தோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஆபீஸுக்கு நடந்தார்.